நாலு வீட்டுக் கங்கையம்மா

தயாளினியைத் தெரியாத மாடு சண்டிலிப்பாயில் கிடையாது. விடியப்புறத்தில் ஸ்கூட்டியின் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், கொட்டிலில் நிற்கிறவை தலையைத் தூக்கிவிடும். மாடுகளே இப்படியென்றால் மாட்டுக்காரரைக் கேட்கவா வேண்டும். வீடு வீடாகப் பால் எடுத்துச் சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றுவது அவள் வேலை. ஆனால் பால் எடுக்கப் போன இடத்தில் பாலை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற ஆள் இல்லை அவள். எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்தது, எந்த வீட்டுக் கிணறு உவராகிப் போனது என்பதெல்லாம் பாலோடு சேர்ந்து சங்கத்துக்குப் போகும். வயது நாற்பத்தேழு. கலியாணம் பேசிப் பேசிச் சரிவராமல், கடைசியில் பேசுகிறவர்களே களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். அவள் களைக்கவில்லை. அம்மா, அவள், ஒரு சிவப்புப் பசு என்று வீடு சந்தோசமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வைகாசியில் அம்மா போய்விட்டார். சுவிசிலிருந்து தம்பி கஜீபன் பறந்து வந்து கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குப் போனார்கள்.

குருக்கள் கஜீபனின் விரலில் தர்ப்பையை மாட்டிவிட்டு, தாயின் பெயரைக் கேட்டார். பரமேஸ்வரி என்றான். தாயின் தாய்? செல்லமுத்து. அவருடைய தாய்? கஜீபன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா, பக்கத்தில் நின்ற கனகசபாபதி மாமாவைப் பார்த்தாள். மாமா அம்மாவின் அண்ணன். எண்பத்தைந்தைத் தாண்டியும் வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கங்கையம்மா" என்றார். கஜீபன் அதைத் திருப்பிச் சொன்னான். எள்ளும் தண்ணீரும் விரல் வழியே இறங்கின.

அந்தப் பெயர் தயாளினியைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் அம்மாவின் அம்மாவுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதை அவள் அதுவரை யோசித்ததே இல்லை. அப்பாவின் பக்கத்தைக் கேளுங்கள், கந்தர், கந்தரின் தகப்பன் வேலர், வேலரின் தகப்பன் சின்னத்தம்பி என்று நித்திரையிலும் சொல்லுவாள். அந்தச் சின்னத்தம்பியைப் பெற்றது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஊரே வாயை மூடிக்கொள்ளும். ஆண்களெல்லாம் பனங்கொட்டை முளைக்கிறது போலத் தாங்களாக முளைத்து வந்தார்கள் என்று நினைப்பு. இப்போது தன்னுடைய பூட்டிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அதுவும் எவ்வளவு வடிவான பெயர். கீரிமலையிலிருந்து திரும்புகிற வான் வண்டிக்குள் எல்லாரும் அழுது களைத்துத் தூங்கி விழ, அவள் மட்டும் கங்கையம்மா, கங்கையம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். எந்த வளவில் பிறந்தவள்? கறுப்போ சிவப்போ? வாய்க்காரியா, சாதுவா? மாமாவைக் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆச்சி என்று கூப்பிட்டது ஞாபகம், ஆச்சி மடியிலிருந்து பனங்கட்டித் துண்டு எடுத்துத் தந்தது ஞாபகம். அவ்வளவுதான், அவர் சின்னப் பெடியனாக இருக்கும்போதே ஆச்சி போய்விட்டாராம்.

கஜீபன் சுவிசுக்குத் திரும்பிப் போனதும் கணினியில் வம்சமரம் ஒன்றைப் போட்டு அக்காவின் போனுக்கு அனுப்பினான். கொப்புக் கொப்பாகக் கட்டங்கள். ஆண்களின் கட்டங்களுக்குள் பெயரும் ஊரும் உத்தியோகமும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பெண்களின் கட்டங்களில் 'மனைவி, பெயர் தெரியாது' என்று வரிசையாக எழுதியிருந்தது. தயாளினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கங்கையம்மாவைப் பற்றி ஊரில் எவருக்காவது தெரிந்திருக்கும், கேட்டுத்தான் பார்ப்பது என்று அடுத்த நாள் விடியவே இறங்கிவிட்டாள்.

மூன்றாவது வீட்டுப் படலையிலேயே அகப்பட்டது. நல்லம்மா மாடு கறந்து முடித்துச் செம்பை நீட்டும்போது, தயாளினி தன் பூட்டியின் கதையைத் தொடங்கினாள். பெயரைச் சொன்னதுதான் தாமதம், நல்லம்மா கண்ணை விரித்தார். அவருடைய பூட்டியும் கங்கையம்மாதானாம்.

தயாளினிக்குச் செம்பு கைநழுவப் பார்த்தது. அப்படியென்றால் நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நல்லம்மாவைக் கட்டிப்பிடித்தாள். குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்த நல்லம்மா, இவ்வளவு காலமும் சொந்தத்துக்குப் பால் விற்றுவிட்டோமே என்று கவலைப்பட்டார். அன்றைக்குச் சங்கத்தில் பால் பிந்தித்தான் இறங்கியது.

அடுத்த கிழமை புகையிலைத் தோட்டத்துத் தம்பிராசா அண்ணை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தவர், தன் தாயின் பாட்டிக்கும் அந்தப் பெயர்தான் என்றார். அதற்குப் பிறகு சங்கத்துக் காவலாளி றஞ்சித். அவனும் தகப்பனோடு கீரிமலைக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னவன்தானாம். தன் வீட்டோடு சேர்த்து நாலு வீடு! தயாளினி ஸ்கூட்டியை விட்ட வேகத்தில் பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சங்கத்தில் நிற்கிறவர்கள், இனி இவள் பால் கொண்டு வரமாட்டாள், நேரே வெண்ணெயாகக் கொண்டு வருவாள் என்று பகிடி பண்ணினார்கள். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சண்டிலிப்பாயில் பாதி எங்கள் சொந்தமடா என்று சுவிசுக்குப் போன் போட்டாள். கஜீபன் நித்திரையிலிருந்து எழும்பி, வம்சமரத்தில் கோடு மேல் கோடாக இழுத்தான்.

மாமாவிடம் போய்ச் சொன்னதுதான் சுவாரசியம். நல்லம்மா வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், றஞ்சித்தின் பெயர் வந்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவன் எந்தப் பகுதி, நாங்கள் எந்தப் பகுதி, சாதி தெரியாமல் கதைக்கிறாய், உனக்கென்ன விசரா என்று சத்தம் போட்டார். தயாளினிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். கங்கையம்மாவுக்கு நீங்களும் அவனும் ஒன்றுதான் மாமா என்று சொல்லிவிட்டு வந்தாள். மாமாவின் முகத்தைப் பார்க்கிறதுக்காகவே இந்தத் தேடலைச் செய்யலாம் போலிருந்தது.

ஆனால் தண்ணீர் கலந்த பாலைத் தயாளினிக்கு மூடியைத் திறந்த உடனேயே தெரிந்துவிடும், பால்மானிக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாள் மத்தியானம் படுத்திருந்தவள் திடீரென்று எழும்பி உட்கார்ந்தாள். நாலு வீட்டிலும் கங்கையம்மா இருக்கிறாள், சரி. ஒரு வீட்டிலாவது கங்கையம்மாவைப் பற்றி ஒரு கதை இருக்கிறதா? யாருக்காவது அவள் சமைத்த கறி தெரியுமா, பிடித்த சண்டை தெரியுமா, எந்த ஊர் என்றாவது தெரியுமா? இல்லை. எல்லாருக்கும் பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரும் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் தெரியும்.

அன்றைக்கே கீரிமலைக்கு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

குருக்கள் நல்ல மனிதர். வயதானவர், அவசரப்படாதவர். கேணிக்கரை நிழலில் இருந்துகொண்டு அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, மெல்லச் சிரித்தார்.

"பேர் தெரியாத பொம்பிளையளுக்குக் கங்கை எண்டு சொல்லுங்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுறனாங்கள் பிள்ளை. என்ரை தகப்பனாரும் அப்பிடித்தான் சொன்னவர். அம்மா எண்டதை ஆக்கள் தாங்களாச் சேர்த்திருப்பினம்."

 ஆம்பிளைகளின் பெயர் தெரியாவிட்டால் என்ன சொல்லச் சொல்லுவீர்கள் என்று தயாளினி கேட்டாள்.

"ஆம்பிளையளின்ரை பேர் தெரியாமல் வாறவை குறைவு," என்றார் குருக்கள். அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. நடக்கிறதைச் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

கேணிப் படியில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகளைப் பெற்று, பால் கொடுத்து, நோய்க்கும் நொடிக்கும் மாரடித்து, ஒவ்வொன்றையும் கரைசேர்த்த ஒரு மனிசிக்கு மிஞ்சினது இதுதான். நல்லம்மாவின் பூட்டியும் தம்பிராசா அண்ணையின் பூட்டியும் றஞ்சித்தின் பூட்டியும் எல்லாரும் ஒரே கங்கை. அத்தனை பிள்ளை பெற்றவளுக்கே இந்தக் கதி என்றால் ஒன்றும் பெறாத தனக்கு? கஜீபன் இருக்கிற வரைக்கும் அக்கா என்பான். அவனுக்குப் பிறகு வருகிறவர்கள் குருக்களோடு இப்படித்தான் கதைப்பார்கள்: அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தா, பேர் என்ன, தெரியாது, அப்ப கங்கை எண்டு சொல்லுங்கோ. தயாளினிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கோபமும் வந்தது. வருகிற சித்திரா பௌர்ணமிக்கு, தாயை இழந்தவர்கள் விரதமிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிற அந்த நாளில், இதே படியில் பூட்டியின் சொந்தப் பெயர் கேட்கத்தான் வேண்டும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு எழும்பினாள்.

மாமா ஒப்புக்கொள்ளவே இல்லை. முதலில் குருக்களுக்கு மறதி என்றார். பிறகு உனக்குத்தான் வேலையில்லை என்றார். தயாளினி விடாமல் நெருக்க, அவளிடமே திருப்பிக் கேட்டார்.

"என்ரை அம்மா செத்த நாளிலையிருந்து வருசா வருசம் அந்தப் பேரைச் சொல்லித்தான் இறைச்சனான். அது ஆச்சியின்ரை பேர் இல்லையெண்டால், இவ்வளவு காலமும் நான் ஆருக்குத் தண்ணி குடுத்தனான்?"

 கங்கையம்மா என்றுதான் சொல்ல வேண்டும், கஜீபன் வந்தாலும் அதைத்தான் சொல்லுவான், குடும்பத்தில் மூத்தவன் நான் சொல்லுகிறேன் என்று மாமா கதவைச் சாத்திக்கொண்டார். சாத்துவதற்கு முன்னால் அவரிடமிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் கழற்ற முடிந்தது. ஆச்சிக்கு மூன்று பெண்கள். மூத்தவர் மாமாவின் தாய் செல்லமுத்து. ஒருத்தியை நெல்லியடிப் பக்கம் கட்டிக் கொடுத்தது. மற்றவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போய், அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டி, வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாள். அதுகளோடு எங்களுக்குக் கதை பேச்சில்லை என்று மாமா அதையும் அங்கேயே வெட்டிவிட்டார்.

காணி உறுதியைப் பார்க்கலாமென்றால் அது தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோதே தொலைந்துவிட்டது. காணிக் கந்தோரில் போய்த் தேடினாள். அங்கேயும் கிடைத்ததெல்லாம் ஆண்கள்தான். அப்போதுதான் அவளுக்கு அம்மாவின் செத்தவீடு ஞாபகத்துக்கு வந்தது. நெல்லியடியிலிருந்து ஒரு வானில் வந்திறங்கி, ஒருவரோடும் பேசாமல் அம்மாவின் காலடியில் இருந்து அழுதுவிட்டுப் போன ஒரு வயதான மனிசி. கண்மணி என்று யாரோ சொன்னார்கள். செத்தவீட்டுக்குச் சும்மா யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், அவர்தான் நெல்லியடிக்குப் போனவரின் மூத்த மகள். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. தயாளினிக்குப் பெரியம்மா.

இரண்டு கேனையும் சங்கத்தில் இறக்கிவைத்துவிட்டு நெல்லியடிக்கு ஸ்கூட்டியை விட்டாள். கண்மணிப் பெரியம்மா வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கண் கிளினிக்காம், மகளுக்குப் பாடசாலையில் லீவு கிடைக்கவில்லையாம். அதற்கென்ன, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தயாளினி அவரை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் கேள்விதான். ஆச்சியின் பெயர் என்ன?

தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. ஆச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் அவிந்துபோகாதா என்று திருப்பிக் கேட்டார். ஆச்சிக்கு ஆச்சி என்றுதான் பேர். ஆனால் ஆச்சியைப் பற்றிக் கதை இருந்தது. மாடு ஒன்று முட்டவந்தபோது கொம்பைப் பிடித்து நிறுத்தினவராம். சண்டிலிப்பாய்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்றுவிட்டு, பெண்களுக்கு ஆளுக்கொரு சோடிக் காப்பு வாங்கிக்கொண்டு பாடிக்கொண்டு வருவாராம். தயாளினிக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஆடவேண்டும் போலிருந்தது. கொம்பைப் பிடித்த பூட்டி! மாட்டுப் பித்து எங்கிருந்து வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது.

கிளினிக்கில் சனம் அடைந்துகிடந்தது. இருவரும் மர வாங்கில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து தாதி ஒருத்தி, "வாலாம்பிகை" என்று கூப்பிட்டாள். பெரியம்மா ஓம் என்று எழும்பிப் போய்விட்டார்.

தயாளினி வாயைத் திறந்தபடி இருந்தாள். பெரியம்மா கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்குக் கண்மணி இல்லையா பேர்? அது வீட்டுப் பேர் என்றார் பெரியம்மா. பிறப்புப் பதிவில் வாலாம்பிகை. ஆனால் அம்மா அந்தப் பெயரால் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை, வேறொருவரையும் கூப்பிட விட்டதுமில்லை. கிளினிக்கிலும் வோட்டுப் போடுகிற இடத்திலும்தான் அந்தப் பேர் எனக்கு ஞாபகம் வரும் என்று சிரித்தார். ஏன் அப்படி என்று தயாளினி கேட்டாள்.

"அம்மா சொல்லுவா, உந்தப் பேரைச் சொல்லி உன்னைப் பேச எனக்கு வாய் வராது, நான் எப்பிடி உன்னை வளக்கிறது எண்டு."

 ஒரு தாய்க்கு எந்தப் பெயரைச் சொல்லித் திட்ட வாய் வராது? குழப்படி செய்கிற பிள்ளையைப் பிடித்து எருமை, கழுதை என்று ஏசும்போது முன்னால் வரக்கூடாத பெயர் எது? பெற்ற தாயின் பெயர். தாயின் பெயரை ஆசையாகப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, மரியாதைக்காக அதை வாயில் எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். தங்கத்தை வாங்கி மண்ணுக்குள் புதைக்கிற சாதியல்லவா நாங்கள்! கண்ணில் மருந்து விட்டு ஒன்றும் தெரியாமல் நின்ற பெரியம்மாவின் இரண்டு கன்னத்திலும் அவள் கொஞ்சினாள். பக்கத்து வாங்கிலிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆனால் ஒரு வீட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஏற்கனவே நாலு வீட்டை வைத்தே ஏமாந்தவள் அவள். வாலாம்பிகை என்பது வேறு யாருடைய பெயராகவும் இருக்கலாம், குலதெய்வத்துக்கு நேர்ந்து வைத்ததாகவும் இருக்கலாம். உறுதிப்படுத்த வேண்டுமானால் செல்லமுத்துவின் மற்றத் தங்கச்சியின் வீட்டுக்குப் போகவேண்டும், வேதக்கார வீட்டுக்கு. அங்கேயும் மூத்த பெண்ணுக்கு அதே பெயர் இருந்தால்? சுவாமியின் பெயரை வேதக்காரர் ஏன் வைக்கப்போகிறார்கள் என்று பெரியம்மா கேட்டார். அதுதான் விஷயமே என்றாள் தயாளினி. வைத்திருந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

விசாரித்ததில், வேதத்தில் சேர்ந்தவரின் மூத்த மகள் உடுவிலில் இருந்தார், பேபி ரீச்சர். பேபிக்கு வயது எண்பத்துநாலு. வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, விறாந்தையில் சுருண்டு படுத்த ஒரு நாய். மாமா வீட்டுக் கதவு போல இல்லை. சண்டிலிப்பாய்ச் செல்லமுத்துவின் பேத்தி என்று தயாளினி சொன்னதுமே, ரீச்சர் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். தயாளினி இந்த முறை புத்தியாக, பெயரைத் தான் முந்திச் சொல்லவில்லை. உங்கள் முழுப்பேர் என்ன ரீச்சர் என்று மட்டும் கேட்டாள்.

கிறேஸ் வீ. நேசராஜா என்றார். நேசராஜா அவருடைய மனுசன்.

அந்த வீ என்ன?

ரீச்சர் சிரித்தார். இந்த வயதிலும் அவருக்கு முகம் சிவந்தது. எல்லாரும் அதை விக்ரோறியா என்று நினைத்தார்களாம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்று அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். தயாளினிக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் அந்த நாய்க்கே கேட்டிருக்கும்.

"வாலாம்பிகை," என்றார் ரீச்சர். "ஞானஸ்நானத்திலை போதகர் மாட்டனெண்டு நிண்டிட்டாராம். அம்மா விடேல்லை. ஒரு பேர் உங்கடை, ஒரு பேர் என்ரை எண்டு சொன்னவவாம். ஏன் அந்தப் பேர் எண்டு அவ எனக்குச் சொல்லவே இல்லை பிள்ளை. தாய் வீட்டைப் பற்றிக் கதைச்சால் அழுவா, அதாலை நான் கேக்கிறதுமில்லை."

தயாளினி சொன்னாள். தாய்வீட்டுப் படலை தனக்குச் சாத்தப்பட்ட பிறகு, அந்தப் பெண் தாயைக் கொண்டுவந்து தன் பிள்ளைக்குள் ஒளித்து வைத்த கதையை அவளே ரீச்சருக்குச் சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். ரீச்சர் தன்னுடைய பெயரைத் தானே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார்.

ஸ்கூட்டி மாமா வீட்டுப் படலையில் போய்த்தான் நின்றது. மாமா விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கென்றே வந்தவள் போல, செருப்பைக் கழற்றாமலே முற்றத்தில் நின்று சொன்னாள்.

"வாலாம்பிகை. அதுதான் மாமா ஆச்சியின்ரை பேர்."

மாமா பேப்பரை மடித்தார். ஏச வாயெடுத்தவர், ஏசவில்லை.  அது என்ரை அக்காவின்ரை பேரெல்லே என்றார். தயாளினிக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு ஒரு அக்கா இருந்ததே அவளுக்குத் தெரியாது. அவர் பிறப்பதற்கு முதலே, தவழுகிற வயதில் காய்ச்சல் கண்டு செத்துப்போன முதல் பெண்பிள்ளை. வருசத்தில் ஒரு நாள் தாய் விளக்கைக் கொளுத்திவைத்துவிட்டு, குசினிக்குள் இருந்து அந்தப் பெயரைச் சொல்லி அழுவாராம். செத்த பிள்ளையின் பெயர் என்று பிறகு ஒருவருக்கும் அதை வைக்கவில்லை. சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பெயர் அது. மூன்று பெண்கள், மூன்று பேரின் மூத்த பெண்பிள்ளைக்கும் ஒரே பெயர். மாமா விரலை மடித்து எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

"அப்ப ஆச்சிக்கு நான் ஒரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கேல்லை," என்றார் துவாய்க்குள்ளிருந்து.

ஏசுவதற்கு வந்த தயாளினிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் இருந்தாள். "இனிக் குடுப்பம் மாமா," என்றாள்.

சித்திரா பௌர்ணமியன்று கீரிமலையில் கால் வைக்க இடமில்லை. கஜீபன் லீவெடுத்து வந்திருந்தான். கண்மணிப் பெரியம்மாவை வானில் கொண்டுவந்து இறக்கினார்கள். பேபி ரீச்சர் வருவார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தானாக வந்து நின்றார். மாமா அவரைக் கண்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், வா தங்கச்சி என்று சொல்லி நிழலில் இடம் பிடித்துக் கொடுத்தார். எண்பது வருசமாகக் கதை பேச்சில்லாத வீடு என்று யாரும் நம்பமாட்டார்கள். தயாளினிக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. தம்பிக்குப் பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள். தெரியுமக்கா, தெரியுமக்கா என்று அவன் சலித்துக்கொண்டான்.

குருக்கள் தொடங்கினார். தாய்? பரமேஸ்வரி. தாயின் தாய்? செல்லமுத்து. அவவின் தாய்? குருக்கள் கேட்டுவிட்டு, வாயில் தயாராக இருந்ததைச் சொல்லப் பார்த்தார். தயாளினியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

வாலாம்பிகை என்றான் கஜீபன், கணீரென்று. மாமாவும் கூடவே சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறங்கின. கண்மணிப் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பேபி ரீச்சர் தன்னை அறியாமலே, "ஆமென்" என்றார். பக்கத்தில் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருக்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தயாளினி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொம்பைப் பிடித்த மனிசி, பாடிக்கொண்டு சந்தையால் வந்த மனிசி, இப்போது வந்து வாங்கிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் மற்றது அவள் வாயிலிருந்து வந்தது. அவள் அதைக் கேட்க நினைக்கவில்லை. எனக்கு ஆர் ஐயா சொல்லுவினம் என்று குருக்களிடம் கேட்டுவிட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். கேட்டு முடிக்க முன்னமே குரல் உடைந்துபோனது. குருக்கள் குனிந்து தர்ப்பையைச் சரிசெய்தார்.

கஜீபன் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டிராதவன். மூத்தவளின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அம்மா அடித்து வளர்த்தவன்.

"தயாளினி," என்றான், கேணி முழுக்கக் கேட்க. "தயாளினி எண்டு நான் சொல்லுவன். என்ரை பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுப்பன்."

மாமா பதறிப்போனார். உயிரோடு இருக்கிறவளின் பெயரை இந்தத் தண்ணீரில் நின்றா சொல்லுகிறாய், மூதேவி, வெளியில் வா என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார். பெரியம்மா மூன்று தரம் நிலத்தில் துப்பி, கண்ணூறு கழித்தார். குருக்கள் காதைப் பொத்திக்கொண்டார். பேபி ரீச்சர் மட்டும் குடைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார்.

தயாளினி சேலையை வரிந்துகொண்டு படியில் இறங்கினாள். கண்ணீரை ஒரு கையால் துடைத்தபடி, ஈரத்தோடு நின்ற தம்பியின் காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லடா," என்றாள்.